கடைசி மூன்று நிமிடம்

அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தின் சின்னக் கல்லூரி ஒன்றில் வெர்னன் ஹால்வர்சன் முப்பத்தாறு வருடம் இசை கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு படைப்புகள் எழுதினார். பதினொன்று ஒரே ஒரு முறை அரங்கேறிவிட்டு அலமாரிக்குப் போயின. அதில் அவருக்கு வருத்தமில்லை. அந்த நாட்டில் இசையமைக்கும் வாத்தியார்கள் எல்லோருக்கும் அதே கதிதான். மிச்சமிருந்த ஒன்று, அவருடைய சிம்பொனிதான், பாவம், வெகுகாலம் ஒருமுறைகூட முழுசாகக் கேட்கப்படவில்லை.

1958-ல் நடந்தது அந்தக் கூத்து. பெரிய முழக்கம், பிறகு பதினான்கு விநாடி மௌனம், அதன்பின் மூன்று நிமிடம் மெல்லிய இசை என்று முடிவை எழுதியிருந்தார். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மீதி அரைமணி நேரத்தையே எழுதியதாக மனைவி ஆர்டிஸிடம் சொல்லியிருந்தார். மௌனம் வந்தது. முன்வரிசையில் இருந்த பல் டாக்டர் க்ளைட் ஓஸ்மன், முடிந்துவிட்டதென்று கைதட்டினார். அவ்வளவுதான், ஊரே எழுந்து நின்று தட்டியது. குழுவை நடத்தியவரும் குனிந்து வணங்கிவிட்டார். வயலின்கள் பெட்டிக்குள் போயின.

"சட்டுனு முடிச்சீங்க பாருங்க புரொபசர், அதுதான் அழகு!" என்றார் டாக்டர், காபியை உறிஞ்சியபடி.

வெர்னன் நன்றி சொன்னார். அதற்கப்புறம் முப்பத்தொரு வருடம், நாற்பது மைல் தள்ளியிருந்த வேறொரு பல் டாக்டரிடம் போய்வந்தார்.

அவர் ஓய்வு பெற்றபோது, பழைய மாணவி மார்லிஸ் நோவோட்னி அதே சிம்பொனியை எடுத்தாள். இப்போது கல்லூரி இசைக்குழு அவள் கையில். தொடங்குமுன் சபையைப் பார்த்துச் சொன்னாள்:

"நடுவுல சத்தமே இருக்காது. அது முடிவு இல்ல. நான் திரும்பிப் பாக்குற வரைக்கும் கை மடியிலயே இருக்கட்டும். முந்திரிக்கொட்டை மாதிரி தட்டினவங்களுக்கு, கச்சேரி முடிஞ்சு கீழ்த்தளத்துல, எங்கம்மா சுட்ட கொலாச்சி பன்னு கிடையாது, ஆமா!"

மௌனம் வந்தது. யாரும் தும்மக்கூட இல்லை. பிறகு அந்த மூன்று நிமிடம் வந்தது. ஆர்டிஸ் வெர்னனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இசை முடிந்தது. மார்லிஸ் திரும்பவில்லை. அழுதுகொண்டிருந்தவளுக்குத் திரும்ப வேண்டும் என்பதே மறந்துவிட்டது. நானூறு பேரும் சொன்ன சொல் தட்டாமல், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை, அடுத்த வரிசையிலிருந்த வெர்னன் பக்கம் மெதுவாகத் திரும்பியது. டாக்டர் ஓஸ்மன், எண்பது வயது.

"புரொபசர்," என்றார் தாழ்ந்த குரலில், "இப்பத் தட்டலாமா?"

வெர்னன் முன்னால் சாய்ந்தார்.

"தட்டுங்க டாக்டர்."