மோட்டாரும் என் இடுப்பும்

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தபோது ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். சித்தூர்ப் பக்கம் அப்போதுதான் தோட்டம் தோட்டமாகக் கம்பி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதுவரை என் வீட்டுக்காரர் விடியுமுன்பே மாடுகளைப் பூட்டி, வெயில் ஏறும்வரை முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் இறைப்பார். நான் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாக மடை திருப்புவேன். மாடு ஓட்டுவது ஆம்பளை வேலை, மடை திருப்புவது பொம்பளை வேலை. அதை யாரும் மாற்றிப் பார்த்ததில்லை.

மோட்டார் வந்ததும் அவர் வேலை ஒரு சுவிட்சோடு முடிந்துபோனது. மாடுகளை விற்றோம். நான் மட்டும் பழையபடி சேற்றில் நின்றேன். தண்ணீர் முன்பைவிட வேகமாக வந்ததால் கொஞ்சம் கூடுதலாகவே ஓடினேன். மனுஷன் ஒரு மாதம் கட்டிலில் உருண்டார். அப்புறம் சாயங்காலமானால் கள்ளுஷாப்புக்கு நடந்தார். அப்புறம் மத்தியானமே கிளம்பினார்.

கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன். கயிறு மந்திரித்துக் கட்டினேன். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன். வாய் ஓயத் திட்டியும் பார்த்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஒன்றும் ஆகவில்லை.

ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்து, வாய்க்காலில் கால் கழுவிய ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டார். தூக்கி எறிந்துவிட்டது. மோட்டார் ரூம் வாசலில் மல்லாந்து கிடந்தவரைப் பார்த்ததும் ஓடிப்போய் மூச்சு இருக்கிறதா என்று பார்த்தேன். நல்லவேளை, உயிருக்கு ஒன்றுமில்லை, கையில் ஒரு காயத்தோடு போயிற்று. அடுத்த தடவை இவரைப் பிணமாகத்தான் தூக்கப்போகிறோம் என்று பயந்து செத்தேன்.

மறுநாள் காலை, அவர் தெளிந்திருந்த நேரம் பார்த்து, திட்டாமல் கேட்டேன்.

"ஏனுங்க, அந்தக் கள்ளுல அப்பிடி என்னதானுங்க இருக்குது?"

"ஒண்ணுமில்ல புள்ள," என்றார். "பொழுதே போக மாட்டீங்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தலை சொறிய நேரமில்லாமல் கிடக்கிறேன், இவருக்குப் பொழுது போகவில்லையாம்! சாயங்காலம் கரண்ட் வந்ததும் அந்தக் கோபத்தோடுதான் போய் மடை திருப்பினேன். பாதிப் பாத்தியில் குனிந்து நின்றபோதுதான் புத்தியில் உறைத்தது. இருக்கிற வேலையை எல்லாம் நான் ஒருத்தியே வைத்துக்கொண்டு நிற்கிறேன், அவருக்கென்று ஒன்றும் இல்லை. ஆனால் மண்வெட்டியை நீட்டினால் அவர் வாங்குவாரா? ஊர் சிரிக்கும் என்பார்.

அடுத்த நாள் பாயை விட்டு நான் எழவில்லை.

"முடியலீங்க, இடுப்புப் புடிச்சுக்கிச்சு."

"அப்ப மடைக்கு?"

"ஆளுக்கு எங்க போறதுங்க. மொளகாச்செடி காஞ்சாக் காயட்டும் போங்க."

சாயங்காலம் முனகிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துப் போனார். அன்றைக்கு வரப்பெல்லாம் உடைந்து பக்கத்துத் தோட்டம்தான் நனைந்தது. இடுப்புவரை சேற்றோடு வந்து, இரண்டு தரம் சோறு வாங்கி உண்டுவிட்டுப் படுத்தவர் அசையவே இல்லை. சில நாளில் வரப்பைக் குடையும் எலியோடு அவருக்குத் தீராத சண்டை ஆகிவிட்டது. வங்கு, பொந்து என்று ஒன்று விடாமல் தேடி அடைத்தார். இடையில் இரண்டு மூன்று முறை ஷாப்புக்குப் போனார்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கரண்ட் வருவதே சாயங்காலம். தண்ணீரை விட்டுவிட்டு எங்கே போவது? சுவிட்ச் என் கைக்கு வந்தது. ஈரமில்லாத கை. எனக்கு உறக்கம் திரும்பி வந்தது.

மிளகாய் பறித்த சமயம். யாரும் பார்க்கவில்லையென்று நினைத்து ஒரு மூட்டையைத் தலையில் தூக்கி விறுவிறுவென்று களத்துக்கு வந்தேன். எதிரே மண்வெட்டியும் தோளுமாக அவர் நிற்கிறார். சட்டென்று ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மூட்டையைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

"இடுப்பு எப்பிடி இருக்குது?"

"அப்பிடியேதானுங்க இருக்குது."

"இருக்கட்டும்," என்றார். "அது நல்லா ஆக வேண்டாம். கரண்ட் வந்துருச்சு, போயி சுவிட்சப் போடு."