நாலு ராத்தல் காந்தம்

இரண்டாம் உலகச் சண்டை நடந்த வருஷங்களில் சீமைச் சாமான் வருவது நின்றுபோனது. தூத்துக்குடியில் நான் வைத்திருந்த சிறிய இஞ்சின் பட்டறைக்கு அது நல்ல காலம். புதிது கிடைக்காதபோது பழையதை ஓடவைப்பவனுக்குத்தான் மரியாதை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது.

கடற்கரையில் பிறந்தும் படகு ஏறினால் குடல் புரளும் ஆள் நான். அதனால்தான் இஞ்சினுக்கு வந்தேன். என் தங்கை புருஷன் லாஞ்சு ஓட்டினார். அப்போது கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் போதாமல் பல மைல் தள்ளியே நிற்கும். சரக்கு ஏற்றிய படகுகளை அங்கிருந்து லாஞ்சில் கட்டி இழுத்து வரவேண்டும். அந்த லாஞ்சு இஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மாக்னெட்டோ செத்துப்போயிற்று. திறந்து பார்த்தேன். உள்ளே லாடம் போல வளைந்த இரண்டு காந்தங்கள் பக்கம் பக்கமாக இருந்தன. இரண்டும் உப்புக்காற்றில் அரித்து விரிசல் விட்டிருந்தன.

வாங்க வழியில்லை என்பதால் நானே செய்தேன். ஆலையில் கழித்துப்போட்ட, இரும்பு ராவும் பெரிய அரங்கள் சும்மா கிடைத்தன. ஊரில் அதைவிட நல்ல எஃகு கிடையாது. உலையில் காய்ச்சி வளைத்து, மறுபடி சிவக்கவைத்து, உப்பளத் தண்ணீரில் முக்கினேன். கிணற்றுத் தண்ணீரைவிட அதில் இரும்பு நன்றாக இறுகும். பிறகு செம்புக்கம்பி சுற்றி லாரி பாட்டரியால் காந்தம் ஏற்றினேன். செலவு என்று பார்த்தால் கரியும் என் வியர்வையும்தான்.

இரண்டு செய்தேன். பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சியிடம் இரும்பு எடைக்கற்களை வாங்கி மாட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஆறு ராத்தல் எடை தாங்கியது. ஐந்து தாங்கினாலே பொறி வரும் என்பது என் கணக்கு. ஒன்றே போதும் என்றால் இரண்டாவது எதற்கு? பழைய மாக்னெட்டோ செய்த வெள்ளைக்காரனைவிட எனக்கு மூளை அதிகம் என்று நினைத்து, ஒன்றை மட்டும் பொருத்தினேன். மற்றதை அண்ணாச்சிக்கே கொடுத்துவிட்டேன், அரிசியில் கிடக்கும் ஆணி பொறுக்க.

இஞ்சின் ஒரே சுற்றில் பிடித்தது. மச்சான் என் முதுகில் தட்டினார்.

மூன்றாம் மாதம் ஒரு நடுப்பகலில், சரக்குப் படகை இழுத்து வரும் வழியில், பொறி நின்றது. காற்று லாஞ்சையும் படகையும் முயல்தீவுப் பாறைகளின் பக்கம் தள்ளியது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு தோணிக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். அதுவரை தங்கை கரையிலேயே நின்றாள். நானும் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவ்வளவு பயம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. மச்சான் இறங்கியதும் அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "உன் இரும்ப நீயே வச்சுக்கோ." அன்றிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

காந்தத்தைக் கழற்றிக் கல் மாட்டினேன். நாலு ராத்தல்தான் தாங்கியது. அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் தினமும் கடை திறந்ததும் காந்தத்தில் கல்லைத் தொங்கவிட்டு வேடிக்கை காட்டுவார். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பிடுங்கிப் பார்ப்பார்கள்.

"இப்ப எவ்வளவு தாங்குது அண்ணாச்சி?"

"வந்த புதுசுல ஆறு. ஆளாளுக்குப் புடுங்குதாங்க, கீழ போடுதாங்க. ஒரு வாரத்துலயே நாலாப் போச்சு. அதுக்கப்புறம் கொறையல தம்பி. தெனமும் மாட்டுதேன், அதே நாலுதான்."

எனக்குச் சுருக்கென்றது. மேலே இருந்த இரண்டு ராத்தல் அந்தக் காந்தத்துக்குச் சொந்தமானதே இல்லை. அடிபட்டால் போகும், அதிர்ந்தால் போகும். பதநீரை நுரையோடு சேர்த்து அளந்திருக்கிறேன். வெள்ளைக்காரன் இரண்டு வைத்தது நுரை அடங்கின பிறகு மிஞ்சுவதை நம்பி. காந்தத்தைத் திரும்பக் கேட்டேன். "யாவாரம் நல்லா நடந்துச்சு" என்று முனகிக்கொண்டே அண்ணாச்சி கொடுத்தார்.

வேறு மாக்னெட்டோ கிடைக்காது. மச்சானுக்கு லாஞ்சை விட்டால் வேலையும் கிடையாது. நான் செய்வதைப் பார்க்கத் தங்கை பட்டறைக்கே வந்து நின்றாள். லாஞ்சிலிருந்து கழற்றியதற்கு மறுபடி காந்தம் ஏற்றினேன். ஆறு ராத்தல் தாங்கியது. அதை மரக்கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் தட்ட ஆரம்பித்தேன்.

"நல்லா இருக்கத ஏன் போட்டு அடிக்கே?"

"போறது இங்கனயே போவட்டும் ஏளா. கடல்ல வச்சுப் போவ வேண்டாம்."

அவள் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கி, தானே அடித்தாள். நான் தட்டியது தட்டலே இல்லை. கரையில் நின்ற அந்தப் பகல் முழுவதும் அவள் கையில் இருந்தது. அடித்து முடித்துத் தானே கல்லை மாட்டினாள். நாலு ராத்தல். மறுபடி அடித்தாள், மறுபடி மாட்டினாள். அதே நாலு. அதன் பக்கத்தில் அண்ணாச்சியின் காந்தத்தையும் சேர்த்து மாக்னெட்டோவை மூடினேன்.

"சரி, நீயும் லாஞ்சுல ஏறு" என்றாள்.

ஏறினேன். கப்பல்வரை போய்ச் சரக்குப் படகோடு திரும்பும்வரை இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேன். இஞ்சின் ஒருமுறைகூட இருமவில்லை. கரையில் அவள் நின்றிருந்தாள். மச்சானைத் தாண்டி என்னிடம் வந்தாள்.

"மூஞ்சியக் கழுவிட்டுச் சாப்பிட வா அண்ணே" என்றாள்.