எந்த வழியில் போனாலும் ஒன்றுதானாம்!

போன வாரம் நான் போட்ட சத்தம், எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். காரணம் என்ன தெரியுமா? வெக்டர் கால்குலஸ். சிரிக்காதீர்கள்... நிஜம்!

குன்னூரில் எங்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, சரிவில் இருக்கிறது. மேலே ஏற இரண்டு வழி. ஒன்று, செங்குத்தான கல்படிக்கட்டு. இன்னொன்று, டீ எஸ்டேட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் மண்பாதை. தூரம் அதிகம், ஆனால் ஏற்றம் தெரியாது. அதன் முனையில் எஸ்டேட் கேட். சங்கிலி, பூட்டு எல்லாம் உண்டு.

கோயமுத்தூரில் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு வந்ததிலிருந்து நான் வீட்டுச் சிறையில். அன்றைக்கு நாற்காலியில் வைத்து, நாலு பேர் படிவழியே இறக்கினார்கள். அந்த வெட்கக்கேடு ஒரு தடவை போதும். நடக்கலாம், ஆனால் படி ஏறவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

இந்த நேரம் பார்த்து ஜெனிக்குக் கல்யாணம். ஜெனி என் தங்கை மகள். தங்கை இறந்த பிறகு என் கையில் வளர்ந்தவள். வெலிங்டன் சர்ச்சில் கல்யாணம். "பெரியம்மா, தலையில நெட் முக்காட்டை நீங்கதான் குத்தி விடணும்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள்.

"ஏனுங்க, மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி எஸ்டேட் கேட் சாவியை வாங்கிட்டு வாங்க" என்றேன் இவரிடம். இவர் காலேஜில் பிசிக்ஸ் நடத்தி ரிட்டயர் ஆனவர்.

"எதுக்கு? படியிலயே போலாம். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணா?!"

சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு மலையை வரைந்தார். மேலெல்லாம் கீழ்நோக்கி அம்புக்குறிகள்.

"ஒவ்வொரு இடத்துலயும் புவியீர்ப்பு எந்தப் பக்கம், எவ்வளவு இழுக்குதுன்னு காட்டுற அம்பு இது. இதுதான் வெக்டர் ஃபீல்டு. போற வழி நெடுக இதைக் கூட்டிக்கிட்டே போனா எவ்வளவு வேலைன்னு தெரிஞ்சிரும். இந்த ஃபீல்டுல எங்கயும் சுழல் கிடையாது, கர்ல் ஜீரோ. அதனால நேரா ஏறுனாலும் சுத்திப் போனாலும் மொத்தம் மாறாது. நிரூபிக்கட்டா?"

நிரூபிக்கிறாராம்! முட்டி என்னுடையது, நிரூபணம் அவருடையது.

"அது மட்டுமில்ல... கல்யாணத்துக்குப் போயிட்டு ஊட்டுக்கே திரும்பி வந்துட்டா மொத்த வேலை பூஜ்யம்!"

அப்போது போட்டதுதான் அந்தச் சத்தம்.

"பூஜ்யமா? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து பாலு, அரிசி, மீனு, உங்க பரீட்சை பேப்பர் கட்டுன்னு சுமந்துக்கிட்டு இந்தப் படியில ஏறி இறங்குறேன். அத்தனையும் பூஜ்யமா?"

கொஞ்சமாவது பதற வேண்டாமா? நிதானமாக யோசித்தார். "புவியீர்ப்பைப் பொறுத்தவரைக்கும்... ஆமா."

இந்த மனுஷரை என்ன செய்வது, சொல்லுங்கள்! தேற்றத்தில் தப்பில்லை. ஒரு மூட்டை அரிசியை மேலே ஏற்ற அது ரொம்பச் சரி. ஆனால் மூட்டைக்கு முட்டி கிடையாதே! படிக்குப் படி என் முழு எடையையும் ஒற்றைக் காலில் தூக்க வேண்டும். அந்த வலியை எந்த அம்புக்குறி காட்டும்?

நிஜக் காரணம் எனக்குத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்குக் கேரல்ஸ் பாடப் போகும் ஜீப் முதலில் எந்தப் பக்கம் போவது என்று இவருக்கும் மேனேஜருக்கும் சர்ச் வாசலிலேயே வாய்த்தகராறு. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. போய்க் கேட்க ரோஷம் இடம் கொடுக்கவில்லை. வேறு யாராவது என்றால் 'எனக்குப் பிடிக்கலை, போக மாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். படித்தவர்களோ அதற்கு ஒரு தேற்றத்தைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் ஜெனி வெலிங்டனிலிருந்து போன் செய்தாள். "முடியலைன்னா பரவால்லீங்க பெரியம்மா... பார்லர் அக்காவே குத்தி விட்டுருவாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கும் அழுகை வந்தது. கூடவே கோபமும். அந்தக் கோபத்தில்தான் புத்தி வேலை செய்தது.

"ஏனுங்க, எந்த வழியில போனாலும் ஒண்ணுதானுங்களே?"

"ஆமா!" முகமெல்லாம் மலர்ச்சி.

"அப்ப எஸ்டேட் வழியாவே போலாம். உங்க கணக்குப்படி நட்டம் ஒண்ணும் இல்லையே!"

ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஜன்னலைப் பார்த்தார். பிறகு மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது கையில் சாவி இல்லை.

"தர மாட்டேன்னுட்டாருங்களா?"

மப்ளரைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சாவியே கிடையாதாம். 'மாடு உள்ள வரக்கூடாதுன்னு பூட்டை சும்மா மாட்டி வெச்சிருக்கோம் சார், தள்ளுனா திறந்துக்கும்'ங்கறாரு."

மறுநாள் அந்த வளைவுப் பாதையில் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று நடந்தேன். ஜெனி தலையில் நெட்டை நானேதான் குத்தினேன். ஒரு பின் கோணலாகிவிட்டது. இருக்கட்டுமே, யாருக்கு என்ன?

திரும்பி வரும்போது இவரிடம் கேட்டேன் - "அந்தக் கேட்டைத் தள்ளுறதுக்கு எவ்வளவு வேலை ஆகுமுங்க?" இதற்கு மட்டும் இன்னும் நிரூபணம் வரவில்லை!