பெட்டி மேல் எழுதின நம்பர்

பெட்டியைப் பிரித்தபோது இருந்தவர்கள். அவன் மனைவி. அவன் அண்ணன், பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்து விடுகிறவர். ஏரியூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பாய். நான்.

அவன் இல்லை. மூன்று மாதம் முன்னாடியே அவனையும் பெட்டியில் கொண்டுவந்து அடக்கம் செய்துவிட்டார்கள். அப்போது நான் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை.

சைக்கிள் அவனுடையது.

கத்தாரில் நாங்கள் ஒரே ரூம். அவனுக்கு ஊர் ஏரியூர் பக்கம். எனக்குக் கம்பைநல்லூர். ஒரே ஜில்லா என்பதால் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலாகக் கேட்டு வாங்கினோம். அவன் காய்கறி குடோனில் மூட்டை இறக்கினான். எனக்கு லாண்டரியில் வேலை. குடோன் ஆறு கிலோமீட்டர் தள்ளி. கம்பெனி வண்டி அந்தப் பக்கம் போகாது. அதனால் சைக்கிள் வாங்கினான். மறு மாதம் ஹேண்டில்பாரில் சின்னதாக ஒரு மீட்டர் மாட்டினான். மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும்.

தண்டச் செலவு என்று ரூமில் எல்லோரும் சொன்னோம். அவன் மனைவிக்குத்தான் அது உபயோகப்பட்டது. வெள்ளிக்கிழமை லீவு. வீடியோ போட்டதும் அவள் முதலில் கேட்பது சாப்பாடு இல்லை.

"மீட்டர் எவ்ளோ?"

போனைத் திருப்பி மீட்டருக்கு நேராகப் பிடிப்பான். அவள் காலண்டரில் அந்தக் கட்டத்தில் எழுதிக்கொள்வாள். ஆறு நாள் வேலை, வாரத்துக்கு எழுபத்திரண்டு ஏறும். உடம்பு சரியில்லை என்றால் அவன் வாயால் சொல்ல மாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டாள். "நாப்பத்தெட்டுதான் ஏறியிருக்கு. ரெண்டு நாள் எங்க போனீங்க?"

"ஜுரம்."

"ஏன் சொல்லல?"

"அதான் மீட்டர் சொல்லிடுச்சே."

"உனக்கு குடோன்ல ஒரு சூப்பர்வைசர், வூட்ல ஒரு சூப்பர்வைசர்டா," என்றேன். போனுக்குள் அவளும் சிரித்தாள். நாலரை வருஷம் இப்படித்தான் போனது.

ஒரு சனிக்கிழமை காலையில் அவன் எழுந்திருக்கவில்லை. நெஞ்சைப் பிடிக்கிறது என்றான். கேஸ் என்றான். நானும் கேஸ் என்றேன். எங்கள் பக்கம் நெஞ்சு வலித்தால் முதலில் கேஸ்தான். ஓமம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். சோடா வாங்கி வந்தேன். குடித்ததும் ஏப்பம் விட்டான். "பார்த்தியா, கேஸ்தான்," என்றேன்.

திங்கட்கிழமையும் படுத்தே இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். சம்பளம் பிடிப்பான், வேண்டாம் என்றான்.

"வூட்டுக்காச்சும் சொல்லு."

"வெள்ளிக்கிழமை மீட்டரைப் பார்த்தா அவளே கண்டுபிடிக்கப் போறா. அது வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும். நீங்க சொல்லிடாதீங்கண்ணா."

"சொல்லல," என்றேன்.

அவனுக்கு அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை காலையில் எழுப்பினேன். உடம்பு சில்லென்று இருந்தது.

அவளிடம் நான்தான் போனில் பேசினேன். அவள் ஒன்றுதான் கேட்டாள். "முடியாம இருந்தாராண்ணா?"

"இல்லம்மா. வேலைக்குப் போயிட்டு வந்து படுத்தாரு. தூக்கத்துல போயிட்டாரு."

அந்த நேரத்துக்கு வாயில் அதுதான் வந்தது.

காரியம் முடிந்த பிறகு அவள் கூப்பிட்டாள். "சைக்கிளை யாருக்கும் குடுத்துடாதீங்கண்ணா. நீங்க வரும்போது கொண்டாங்க. யாரும் ஓட்ட வேணாம். மீட்டரைத் தொட வேணாம்."

சரி என்றேன். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை நம்பர் அவளிடம் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஓடியதா இல்லையா என்பது சைக்கிளில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். வலியோடு கிடந்தவன் பக்கத்துக் கட்டிலில் இருந்துகொண்டு ஒரு போன் போடாதவன் நான் என்றும் தெரிந்துவிடும்.

பூட்டி, சாவியைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். ரூமில் இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நானே பூட்டைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தேன். அறுபது கிலோமீட்டர் ஓட்டினால் போதும், அவன் வேலைக்குப் போனதாக ஆகிவிடும். பெடலில் கால் வைத்தேன். பிறகு இறங்கிப் பூட்டிவிட்டேன்.

எனக்கு லீவு வந்தது. அங்கே ஒரு சைக்கிள் கடையில் காலிப் பெட்டி கேட்டு வாங்கினேன். ரூமில் மலையாளி ஒருத்தர். எல்லோருக்கும் பெட்டி கட்டித் தருவது அவர்தான். சக்கரத்தைக் கழற்றினார், ஹேண்டில்பாரைத் திருப்பி வைத்தார், டயரில் காற்றை இறக்கினார். மீட்டரைப் பார்த்து, "இதுல பேட்டரி இருக்கு. ஸ்கேன்ல காட்டும், பெட்டியையே நிறுத்திடுவான். எடுத்துடறேன்," என்றார்.

"எடுத்தா?"

"நம்பர் போயிடும். திரும்ப ஜீரோலேர்ந்துதான்."

என் கையில் மார்க்கர் இருந்தது. கல்ஃபிலிருந்து வருகிற பெட்டி எல்லாவற்றிலும் பெயரும் ஊரும் பெரிசாக எழுதுவது வழக்கம். நான் அவன் பெயரையும் அவன் ஊரையும் எழுதியிருந்தேன். அவன் பொருள், அவன் பெயர். என் பெயரை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"கொஞ்சம் இருங்க," என்று சொல்லி மீட்டரைப் பார்த்து அந்த நம்பரையும் கீழே எழுதினேன். 16338. எழுதாமலும் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு அவர் பேட்டரியை எடுத்தார். மீட்டர் வெளுத்துப் போனது.

பெங்களூரில் இறங்கினேன். எங்களுக்கு அதுதான் கிட்டம். கஸ்டம்ஸில் சின்ன வயசு ஆபீசர் ஒருத்தர் டிராலியை நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பெயர் வேறு வேறாக இருந்தது.

"நிம்தா?" என்றார். உங்களுதா என்று அர்த்தம். ஓசூர் பக்கம் குவாரியில் இருந்தபோது கன்னடம் கொஞ்சம் பழகியிருந்தேன்.

"நந்தல்ல சார்," என்றேன். என்னுது இல்லை.

அவர் முகம் மாறியது. ஓரமாக நில் என்று கை காட்டினார். எனக்குப் பின்னால் நின்ற ஆள் அரூர்க்காரர், பிளைட்டில் பக்கத்து சீட்டு. காதுக்குள் சொன்னார். "என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. கோர்ட்லயா நிக்கறீங்க?"

ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. இன்னொன்று வரவில்லை.

அரை மணி நேரம் நின்றேன். பெரிய ஆபீசர் வந்தார். தமிழ் பேசினார். அடுத்தவர் பொருளை என் கணக்கில் கொண்டுவந்தால் வரி உண்டு என்றார். பிறகு நம்பரில் விரலை வைத்தார்.

"இது என்ன, விலையா? ரூபாயா, ரியாலா?"

"கிலோமீட்டர் சார்."

"என்ன கிலோமீட்டர்?"

"அவரு ஓட்டினது."

"அவரு எங்க?"

தூதரகத்தில் கொடுத்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவன் இறந்த விவரமும், அவன் சாமான்கள் என்னென்ன என்பதும் அதில் இருந்தன. துணி, போன், சைக்கிள். ஆபீசர் இரண்டு தரம் படித்தார். பெட்டியை ஒரு பக்கம் கிழிக்கச் சொன்னார். தேய்ந்த டயர் தெரிந்தது. சீட்டில் கிழிசலுக்கு அவன் சுற்றி வைத்த துணி தெரிந்தது.

"இதுக்கு எவன் பதினாறாயிரம் குடுப்பான்," என்றார். சிரிக்கவில்லை. காகிதத்தில் எதையோ எழுதி, வரி வேண்டாம், போகலாம் என்றார்.

நான் டிராலியைத் தள்ளும்போது தன் மார்க்கரை நீட்டினார். "அந்த நம்பரை அடிச்சுட்டுப் போங்க. அடுத்த கேட்லயும் விலைன்னு நெனச்சு நிறுத்துவாங்க."

மூடியைக் கழற்றினேன். ஒரு கோடு போட்டால் முடிந்தது. மீட்டரில் ஏற்கெனவே ஒன்றும் இல்லை. பெட்டியிலும் இருக்காது. கஸ்டம்ஸில் அடிக்கச் சொன்னார்கள் என்று சொன்னால் அது பொய்யும் ஆகாது.

மார்க்கர் முனையை நம்பருக்குப் பக்கத்தில் பிடித்தபடி நின்றேன். "எழுதத் தெரியாதா?" என்றார் ஆபீசர்.

"அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

நம்பருக்குப் பக்கத்தில் கி.மீ. என்று எழுதினேன். மார்க்கரைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று பஸ் மாறினேன். என் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஏரியூர்.

பாயை அவன் அண்ணன் அழைத்து வந்திருந்தார். பாய் சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியை விரித்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சக்கரம் மாட்டினார்.

"இந்த டயர் சேலத்துல கூடக் கிடைக்காது," என்றார் பாய். "பஞ்சர் ஆனா கத்தாருக்குத்தான் தள்ளிக்கிட்டுப் போகணும்."

"நீ ஒட்ட மாட்டியா?" என்றார் அண்ணன்.

"ஒட்டலாம். துட்டும் ரியால்ல குடுப்பீங்கன்னா."

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாய் தன் சட்டைப் பையிலிருந்து புது பேட்டரி எடுத்துப் போட்டார். மீட்டர் எரிந்தது. அவள் குனிந்தாள்.

"ஜீரோ," என்றாள்.

பேட்டரியை எடுத்தால் அப்படித்தான் என்று பாய் சொன்னார். அண்ணன் பீடி பற்ற வைத்தார். "மூணு மாசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தியாம்மா. விடு."

அவள் விட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். உள்ளே போகத் திரும்பினாள்.

"பாய், கொஞ்சம் எழுந்திருங்க," என்றேன்.

எழுந்தார். பெட்டியைத் திருப்பிப் போட்டேன். "பேட்டரி எடுக்கறதுக்கு முன்னால எழுதி வெச்சேன்மா. இதான் கடைசி."

படித்தாள். உள்ளே போய்க் காலண்டரைக் கொண்டுவந்தாள். அந்த மாதத்தோடு கிழிக்காமல் நின்றிருந்தது. பெட்டி பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை காட்டினதும் இதேதாண்ணா."

"ஆமாம்மா."

"அப்ப வேலைக்குப் போகல."

"போகல. நான் பொய் சொன்னேன். நெஞ்சு வலின்னு படுத்திருந்தாரு. கேஸ்னு நெனச்சோம். ஓமத்தண்ணி குடுத்தேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு. நானும் சொல்லல."

அண்ணன் பீடியைக் கீழே போட்டார். பாய் துடைத்த ஸ்பேனரையே திரும்பத் துடைத்தார்.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. தரையில் உட்கார்ந்து காலண்டரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்த நாள்லேர்ந்து?"

"சனிக்கிழமை."

சனிக்கிழமைக் கட்டத்தில் விரலை வைத்தாள். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். புதன்கிழமையில் விரல் நின்றது.

ஐந்து நாள்.