வாரம் முழுக்க விரதம்

பதினாறு வயதில் நான் சாமிகளின் பெயரைச் சொல்லி ஊரை ஏமாற்றினேன். திங்கள் சிவனுக்கு, செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு என்று தொடங்கி வாரம் முழுக்க விரதத்தால் நிரப்பினேன். எந்தச் சாமியும் கேட்கவில்லை. சோற்றைக் கண்டால் எனக்குப் பயம், அவ்வளவுதான். அதைச் சொன்னால் உதை விழும். விரதம் என்றால் கும்பிடு விழும்.

விழுந்தது. சிராங்கூன் சாலையில் எங்கள் கடைவீட்டு மாடியில் குடியிருந்த பெண்கள், "பொண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று தங்கள் மகள்களைத் திட்டினார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பசியை வென்றவள் என்று பேச்சு. எனக்கோ எந்நேரமும் பசி. வகுப்பில் கணக்குப் போடும்போதுகூட வடையைத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வாய் இட்லி இறங்கினால், காப்பியடித்து மாட்டியவள்போல் உடம்பு நடுங்கும். சாப்பிடாத நாளிலும் நிம்மதி கிடையாது. இன்னும் குறை என்று மனசு அரிக்கும்.

ஒருநாள் தேக்கா சந்தையில் மயங்கி மீன் கூடைமேல் விழுந்தேன். மருத்துவமனையில் டாக்டர், "காதலா?" என்றார்.

"யாருடி அவன்?" என்றாள் அம்மா. அப்படி ஒருவன் இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்! அடித்துத் துரத்தியிருக்கலாம்.

டாக்டர் போனபின், யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் கஞ்சியோடு வந்தார். நான் கிண்ணத்தைப் பார்த்த பார்வையைக் கவனித்தார். "பிள்ளை, சாப்பாட்டைக் கண்டாப் பயமோ?"

அழுதுகொண்டே தலையாட்டினேன்.

"சோத்துக்கு யாராச்சும் பயப்படுவாங்களா லா?" அம்மா கத்தினாள். "ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கிழங்குக்கு அலைஞ்சேன் நான்!"

"அது பசி, அம்மா. இது வருத்தம்."

நோயைத்தான் அவர்கள் ஊரில் வருத்தம் என்பார்கள். அம்மா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். குரல் இறங்கி, "என்னடி வருத்தம் உனக்கு?" என்றாள். பதினாறு வருடத்தில் அப்படி அவள் கேட்டதே இல்லை.

தேற இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அம்மா தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவாள். என் தட்டைப் பார்க்கமாட்டாள். சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு அவளை வாய்க்கு வந்தபடி பேசுவேன். அவளும் சும்மா விடமாட்டாள். ஒருநாள் அவள் பக்கத்து வீட்டு வம்பை அளந்துகொண்டிருந்தபோது, என் தோசை முழுதும் தீர்ந்திருந்தது. எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரி.