பசை போட்டு மூடிய போர்

புத்தகத்தை விரித்ததுமே மைதா பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறியது...

பழனிசெட்டிபட்டியில் ஒரு டிராக்டர் ஷோரூமில் எனக்கு முதல் வேலை. தோழி செல்வியும் நானும் ஒரு மாடி ரூமில் தங்கியிருந்தோம். பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை நூலகம். அங்கே எடுத்ததுதான் அந்தக் குண்டு நாவல்.

பாதிக்கு மேல் போர்தான். தீ அம்புகள், பறக்கும் பாம்புகள், மதம் பிடித்த யானைகள். இரண்டு நாட்டுப் படைகளும் ஒரே அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒன்றையொன்று வெட்டிச் சாய்க்கும். கடைசிப் போருக்கு முன்னால் படைத்தலைவி கோயிலுக்குள் போய், "நீ யார் பக்கம்?" என்று அம்மனையே கேட்கிறாள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினால்... வரவில்லை. நாலைந்து தாள்களைச் சேர்த்து யாரோ ஒட்டியிருந்தார்கள்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே நூலகத்துக்குப் போனேன்.

"அண்ணே, இதை யாரு ஒட்டுனது?"

"நாந்தேன் தாயி," என்றார் நூலகக்காரர், கொஞ்சமும் மறைக்காமல். "அங்கன அம்மன் வாயே தொறக்கல. படிச்சிட்டு எனக்குச் சோறு எறங்கல. வேற யாரும் மனசொடிய வேணாம்னுதேன்..."

"எனக்கு எது தாங்கும், தாங்காதுன்னு முடிவு பண்ண நீங்க யாருண்ணே?"

நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

ரூமுக்கு வந்து இட்லிப் பானை ஆவியில் தாள்களைக் காட்டினோம். "ஏய், மெதுவாடி... கிழிஞ்சிரப் போகுது!" என்று செல்வி பதற, ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

அம்மன் பேசவில்லைதான். போர் முடிந்ததும் கோயில் பூசாரி, இரண்டு பக்கத்துப் பிணங்களையும் ஒரே குடத்துத் தண்ணீரில் கழுவுகிறார். படித்துவிட்டு அடுப்பை அணைத்தோம்; அன்று ராத்திரி இட்லி ஊற்றவில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, நூலகக்காரர் பிரிந்த தாள்களைத் தடவிப் பார்த்தார்.

"தாங்குச்சா தாயி?"

"தாங்கலண்ணே. ஆனாலும் படிக்கணும்ல? இனிமே ஒட்டாதீக."

அப்புறம் அவர் ஒட்டவில்லை.

போன வாரம் என் மகளின் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் அதே நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. அது சாமியை இழிவுபடுத்துகிறதாம், பள்ளி நூலகத்திலிருந்து தூக்க வேண்டுமாம். ஒருவர் போட்டதும் மற்றவர்கள் வரிசையாகக் கைகூப்பும் பொம்மை போட்டார்கள்.

"எந்தப் பக்கத்துல சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் படிக்க யாருக்கும்மா டைம் இருக்கு?"

மறுநாளே நாவலை எடுத்துவிட்டார்கள்.

அந்த வாடகை நூலகக்காரர் முழுசாகப் படித்து, மனசு கெட்டு, அதற்கப்புறம் ஒட்டினார். அவரோடு சண்டை போட முடிந்தது. ஒரு வரிகூடப் படிக்காத இவர்களோடு நான் எதை வைத்துச் சண்டை போட?