நியூயார்க் நடிகையும் நான் தள்ளிய கப்பலும்

கண்காட்சிகளுக்கு ஸ்டால் அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் கம்பெனியின் வேலை. தங்குவது தோஹா தொழில்பேட்டையில், தொழிலாளர் கேம்பில். நான் கம்பெனியில் தச்சன். ஒரு குளிர்காலத்தில், அமெரிக்காவிலிருந்து வந்த இசை நாடகக் குழுவுக்கு மேடை வேலை பார்க்க எங்களில் சிலரை அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது கப்பல்.

பிளைவுட்டில் செய்த பெரிய கப்பல். அடியில் சக்கரம். உள்ளே குனிந்து உட்கார்ந்திருந்து, பாட்டு முடிந்து விளக்கு அணைந்ததும் மேடையை விட்டுத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். என்னோடு சேர்ந்து தள்ள யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். ஆபீஸ் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. எனக்கு டியூட்டி, சைட், லீவு இவற்றோடு இங்கிலீஷ் முடிந்துவிடும்.

அந்தக் கப்பலின் மேல்தளத்தில் ராணி வேடத்தில் நின்று பாடுகிற நடிகையை நான் முதலில் பார்த்தது அரங்கத்து லிஃப்டில். ஐம்பதை நெருங்கிய வயது, நல்ல உயரம். கதவு மூடியதும் அந்த அம்மா உதட்டைப் படபடவென்று அடித்துக் குதிரைபோலக் கனைத்தார். அடுத்து, வால் மிதிபட்ட பூனைபோல ஒரு சத்தம். நான் போக வேண்டிய மாடிக்கு முன்பே இறங்கிக்கொண்டேன்.

அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அது தொண்டையைச் சூடாக்கிறது தம்பி. பாடுறதுக்கு முந்தி எல்லாரும் அப்பிடித்தான் செய்வினம்," என்றார்.

பிறகு அந்த அம்மாவே எங்களிடம் வந்து உட்கார ஆரம்பித்தார். இடைவேளையில் மற்ற நடிகர்கள் அறைக்குள் போய்விட, இவர் மட்டும் பின்பக்கம் மரப்பெட்டியின்மேல் எங்களோடு கரக் டீ குடிப்பார். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "அமெரிக்காவுல உங்களுக்கு எத்தன பங்களா இருக்கு?" அண்ணன் அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மாவுக்கு டீ புரையேறிவிட்டது. சிரித்து முடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அண்ணன் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

இருபது வயதில் அவருக்குக் கிடைத்த முதல் வேடம், ஒரு பசுவின் பின்கால்கள். பசுத் தோலுக்குள் முன்னால் ஒருவர், பின்னால் இவர். முன்கால்காரருக்கு வாயுவைக் கிளப்பும் பீன்ஸ் என்றால் உயிர். பின்னால் இருந்தவர் பட்ட பாட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடித்தே காட்டினார். அதற்கு அண்ணன் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு பல வருஷம் பெரிய நாடகம் ஒன்றில் மாற்று நடிகை. கதாநாயகிக்கு உடம்பு முடியாமல் போனால் இவர் மேடையேற வேண்டும். அதற்காக எல்லாப் பாட்டும் எல்லா ஆட்டமும் மனப்பாடம். தினமும் பவுடர் பூசிக்கொண்டு காத்திருப்பார். "அந்தக் கதாநாயகிக்கு ஒரு தும்மல்கூட வரேல்லையாம்," என்றார் அண்ணன், துக்கம் விசாரிப்பவர்போல. கடைசியில் நியூயார்க்கில் இவருக்கென்றே ஒரு கதாநாயகி வேடம் கிடைத்தது. ஊரிலிருந்து சொந்தபந்தமெல்லாம் பார்க்கக் கிளம்புவதற்குள் நாடகத்தையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு உல்லாசக் கப்பல்களில் பாட்டு, ஊர் ஊராகப் பயணம். எல்லாம் கான்ட்ராக்ட். இந்த வயதிலும் நியூயார்க்கில் இரண்டு பேரோடு சேர்ந்துதான் ரூம். சமையல் முறைவைத்து.

"அப்ப நம்மள மாதிரிதான்னு சொல்லுங்கண்ணே," என்றேன். அண்ணன் சொன்னார். அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பலமாகக் குலுக்கினார்.

விபத்து நடந்த நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல். கப்பலுக்குள் நான் ஒருவன்தான். பாட்டு முடிந்தது, விளக்கு அணைந்தது. தள்ளினேன். கப்பல் அசையவில்லை. ஒரு சக்கரம் இறுகிக்கொண்டுவிட்டது. தோளைக் கொடுத்தேன், முதுகைக் கொடுத்தேன். நடு மேடையில் கப்பல் நிற்கும்போதே அடுத்த காட்சிக்கான விளக்கு எரிந்துவிட்டது. அடுத்த காட்சி அரண்மனைத் தோட்டம்.

சபையில் முணுமுணுப்பு. மேலே நின்ற அந்த அம்மா, பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். பாடியபடியே குதிகாலால் என் தலைக்கு மேலே தட்டினார். எனக்கு அது 'வெளியே வா' என்று பட்டது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். கறுப்பு டீ-ஷர்ட், தலையில் டார்ச் லைட், முகமெல்லாம் வியர்வை. சபை வெடித்துச் சிரித்தது.

நான் ஆமைபோல உள்ளே போகப் பார்த்தேன். அவர் விடுவதாயில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்துவிட்டார். எதிரே அத்தனை சனம். என்ன செய்வதென்று தெரியாமல் கைகூப்பி வணக்கம் போட்டேன். ராணியும் திரும்பி எனக்கு வணக்கம் போட்டார். அப்புறம் கப்பலைக் காட்டி, "யல்லா!" என்று கத்தினார். 'கிளம்பு, கிளம்பு' என்று அர்த்தம்; தோஹாவில் அவர் கற்றிருந்த ஒரே அரபிச் சொல். ராணியும் தச்சனும் சேர்ந்து முக்கி முனகிக் கப்பலைத் தள்ளிக்கொண்டு போனோம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

கலாஸ், எல்லாம் முடிந்தது, வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். காதில் மைக் மாட்டிய மேடை மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. சனங்களுக்குப் பிடித்திருக்கிறது, இனி தினமும் இதையே செய் என்று கைஜாடையிலேயே புரியவைத்தார்.

அன்றைக்கு ரூமில் நான்தான் ஹீரோ. கண்ணாடி முன் நின்று வியர்வை துடைப்பதற்கே நாலு தினுசு பழகினேன். மறுநாள் தலையை நீட்டியதும் கண்ணை உருட்டினேன். வணக்கத்தை மூன்று திசைக்கும் போட்டேன். யாரோ இருமினார்கள். அதற்கடுத்த நாள், வேண்டுமென்றே தடுக்கி விழுந்தேன். ஒரு குழந்தை அழுதது. அத்தோடு என் காட்சியை நீக்கிவிட்டார்கள்.

கப்பலுக்குள் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா வந்து எட்டிப் பார்த்து ஏதோ சொன்னார். காய்ச்சல் தேறி வந்திருந்த அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதல் நாள் உனக்கு உண்மையாவே பயமாம். பிறகு நீ நடிக்க வெளிக்கிட்டிட்டியாம். நாடகம் மூடுறதெல்லாம் தொழில்ல வாறதாம், எழும்பட்டாம்," என்றார். எழுந்தேன்.

கடைசி நாளில்தான் பெரிய சோதனை. சபையில் யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றி எங்கள் ஊர் அறந்தாங்கிக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டம்மா வீடியோ காலில் வந்தாள்.

"கட்ட அடிக்கப் போறேன்னுதானே போனீங்க? யாருங்க அந்த வெள்ளக்காரி? கையப் புடிச்சு இழுக்குறா, நீங்களும் பல்லக் காட்டிக்கிட்டுப் போறீங்க!"

"பல்லக் காட்டலடி, பயத்துல பல்லக் கடிச்சேன்," என்றேன். எடுபடவில்லை.

ராணி உடையில் அந்தப் பக்கம் வந்த அந்த அம்மா, என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு போனைப் பிடுங்கி, தன்னைக் காட்டிப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்ற அண்ணன் கையில் கொடுத்தார். பிறகு நடைவழியில் முழுக்கதையையும் நடித்துக் காட்டினார். சுவரைக் கப்பலாக்கி முதுகால் தள்ளினார். சக்கரமாகக் கிரீச்சிட்டார். நானாக மாறித் திருதிருவென்று விழித்தார். கடைசியில் போனைப் பார்த்துக் கைகூப்பினார்.

 அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு. புரையேறும் வரைக்கும் சிரிப்பு.

"நல்ல மனுசியா இருக்காங்க," என்றாள் வீட்டம்மா. "வேர்த்து ஊத்துது பாருங்க. அவங்களுக்குக் குடிக்க எதாவது வாங்கிக் குடுங்க மொதல்ல."

வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் குழு பஹ்ரைனுக்குப் புறப்பட்டது. நாங்கள் கப்பலைக் கழற்றி கன்டெய்னரில் ஏற்றினோம்.